மேசைக்கு அடியில் தெரிவுசெய்த வில்

மச்சான்,

நேற்று வெள்ளவத்தைச் சந்தைக்கு முன்னால் செருப்புத் தைக்கிறவரிடம் வார் அறுந்த செருப்பைக் கொடுத்துவிட்டு நின்றேன். அவர் நூலை ஒரு தேன்மெழுகுக் கட்டியில் வைத்து இழுத்து இழுத்துத் தடவினார். வெயிலுக்கு மெழுகு இளகி மணந்தது. அதற்குப் பிறகு அவர் என்ன செய்தார் என்று எனக்குத் தெரியாது. "ஐயா, தைச்சு முடிஞ்சுது" என்று இரண்டாம் தரம் சொன்னபோதுதான் திரும்பிப் பார்த்தேன். அவ்வளவு நேரமும் நான் எங்கள் பழைய வீட்டு விறாந்தையில் உன் பக்கத்தில் இருந்தேன். நீ வில்லின் நாணுக்கு மெழுகு பூசிக்கொண்டிருந்தாய்.

யுத்தம் தொடங்கி, துவக்கோ துப்பாக்கியோ வைத்திருந்தவர்கள் எல்லாரும் அதைப் பொலிசில் ஒப்படைக்க வேண்டியிருந்த காலம் அது. புத்தளம் பக்கம் இருந்த உன் மாமனாரும் தன்னுடையதைக் கொண்டுபோய்க் கொடுத்தார். அதை மான்களுக்கு யார் சொன்னார்களோ தெரியாது, ஒரு மாதத்துக்குள் அவருடைய பயற்றங்காணியில் பாதியைத் தின்று தீர்த்தன. லீவு கிடைத்தால் அவரோடு காட்டோரம் போய்வருவதுதான் உனக்கிருந்த ஒரே சந்தோஷம். துறைமுகத்தில் கிளார்க் வேலை, கொட்டாஞ்சேனையில் ஒற்றை அறை வீடு. அந்தக் காடும் இல்லாவிட்டால் மூச்சுமுட்டும் என்று சொல்வாய். ஒருநாள் நான் வேலைசெய்த புறக்கோட்டை இரும்புக் கடைக்கு வந்து, "மச்சான், துவக்கு போனா போகட்டும். நான் வில்லு வாங்கப் போறன்" என்றாய். நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

பம்பலப்பிட்டியில் ஒரு பறங்கிப் பெரியவர் அவுஸ்திரேலியாவில் மகளிடம் போவதற்காக வீட்டுச் சாமான்களை விற்றுக்கொண்டிருந்தார். அவரிடம் இரண்டு வில்கள் இருந்தன. இரண்டுமே நுனிகள் வெளிப்புறமாய் வளைந்தவை. ஒன்று நெட்டை, கிட்டத்தட்ட உன் உயரம். மற்றது உன் தோளுக்கும் எட்டாத குட்டை. நெட்டையை இழுத்தபோது உன் முகத்தில் வந்த வெளிச்சம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. பெரியவரும் அதற்குத்தான் பரிந்து பேசினார். "விரல் கொஞ்சம் பிசகினாலும் நெட்டை பொறுத்துக்கொள்ளும், குட்டை பொறுக்காது" என்றார். ஆனாலும் அவசரப்படாமல் இரண்டையும் கொண்டுபோய்ப் பார்க்கச் சொன்னார். முன்பின் தெரியாத எங்களிடம் அப்படி நம்பிக் கொடுத்தார்.

எங்கள் வீட்டு விறாந்தையில் நின்றபடி நீ நெட்டையையே திரும்பத் திரும்ப இழுத்தாய். வாங்குவதென்று முடிவும் செய்துவிட்டாய். கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி மலர்தான் கேட்டாள்.

"அண்ணை, அங்கையும் இப்பிடி நிண்டுகொண்டோ எய்யப் போறியள்?"

"இல்ல தங்கச்சி. மாமா காணி ஓரத்தில தென்னோலைக் கிடுகால ஒரு கொட்டில் போட்டிருக்கிறார். அதுக்குள்ள குந்தியிருந்துதான்."

"கொட்டில் எவ்வளவு உயரம்?"

நீ கையால் காட்டினாய். அவள் எங்கள் சாப்பாட்டு மேசையைப் பார்த்தாள். "அப்ப அந்த மேசைக்குக் கீழ இருந்து இழுத்துப் பாருங்கோ."

குசினியிலிருந்து தேங்காய் துருவுகிற திருவலையை அவளே எடுத்து வந்து அலகு பின்னால் இருக்கும்படி மேசைக்கு அடியில் வைத்தாள். நீ அதில் குந்தினாய். நெட்டையைத் தூக்கியதும் மேல்நுனி பலகையில் இடித்தது. சரித்துப் பிடித்தாய், கீழ்நுனி நிலத்தில் முட்டியது. குட்டையோ மேசைக்காலில்கூடப் படாமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பியது. முழுதாக இழுத்தபோது மட்டும் நாண் கூர்மையாய் மடிந்து உன் விரல்களை நெரித்தது. "நோகுது" என்றாய். "மானுக்கு நோகாமல் இருக்க வேணுமெண்டா கிட்ட வர விட்டு எய்யுங்கோ. பதினைஞ்சு அடிக்கு இந்தக் குட்டையே போதும்" என்றாள் மலர். வில்லைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் இடத்தின் அளவு தெரிந்தது. அன்று மூன்று பேரும் மேசைக்கு அடியில் இருந்தே தேத்தண்ணி குடித்தோம். அந்த வருடம் அப்படிச் சிரித்த நாள் வேறு இருந்ததாக எனக்கு ஞாபகமில்லை.

அடுத்த சனிக்கிழமை காலை இருவருமாகப் புத்தளம் போகப் புறப்பட்டோம். நாண் கழற்றிய குட்டை வில்லும் கடதாசியில் சுற்றிய அம்புகளும் ஒரு படுக்கை விரிப்புக்குள் இருந்தன. புறக்கோட்டை பஸ் நிலையத்துக்குக் கிட்ட எல்லாரையும் இறக்கிச் சோதித்தார்கள். நம் இருவருக்கும் நடுவில் நிலத்தில் கிடந்த மூட்டையை ஒரு சிப்பாய் காலால் புரட்டி அவிழ்த்தான். அம்பின் இரும்பு முனைகள் வெளியே வந்தன. என் அடையாள அட்டை அவன் கையில் இருந்தது. பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று வாசித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான்.

"மேக்க காகெத?" இது யாருடையது என்று கேட்டான்.

நான் வாயைத் திறக்குமுன் நீ சொன்னாய். "மகே, மஹத்தயா." என்னுடையது.

"ஏயா கவுத?" இவன் யார்?

நீ என் பக்கம் திரும்பவேயில்லை. "அந்துரன்னே நே." தெரியாது.

அவன் அட்டையை என் நெஞ்சில் தள்ளி, போ என்றான். நான் போனேன். மச்சான், நான் நாற்பது அடி திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். உன் அட்டையில் கொழும்பு என்று இருக்கிறது, உனக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு, நான் பக்கத்தில் நின்றால் உனக்கும் கேடு என்றெல்லாம் பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதெல்லாம் உண்மையும்தான். ஆனால் அந்த நாற்பது அடியிலும் அவற்றில் ஒன்றும் என் மனதில் இருக்கவில்லை. என் கால்கள் என்னைத் தப்பவைத்துக்கொண்டு போயின, அவ்வளவுதான்.

ஒரு பழக்கடையின் மறைவில் நின்று, உன்னை வாகனத்தில் ஏற்றுவதைப் பார்த்தேன். பிறகு பஸ் பிடித்துப் பம்பலப்பிட்டிக்கு ஓடினேன். பெரியவர் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்குமுன் கோட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டார். அன்று எங்களைப் பொலிஸ் நிலையத்துக்குள் விடவில்லை. மறுநாள் காலை அவர் தன் பழைய படங்கள் ஒட்டிய அல்பத்தையும் கொண்டு வந்தார். இளவயதில் அவர் அதே வில்லோடு நிற்கும் படம் அதில் இருந்தது. பெரிய அதிகாரி அதைப் பார்த்துவிட்டு, இதால் ஆளைக் கொல்லலாமா என்று கேட்டார்.

"ஆளை நான் எய்து பார்த்ததில்லை. வேண்டுமென்றால் மண்மூட்டையை எய்து காட்டுகிறேன்" என்றார் பெரியவர், சிங்களத்தில்.

உன்னையும் முற்றத்துக்குக் கூட்டி வந்தார்கள். எழுபது வயது மனிதர் மூன்றாம் முயற்சியில்தான் நாணைப் பூட்டினார். இழுத்தபின் பிசகவில்லை. அம்பு வாசலில் அடுக்கியிருந்த மண்மூட்டையில் பாதி புதைந்தது, அதன் பக்கத்தால் மணல் மெல்லச் சொரிந்தது. ஒரு கான்ஸ்டபிள் கைதட்டினான். அதிகாரியும் வில்லை வாங்கி இழுத்துப் பார்த்தார், பாதிக்கு மேல் வரவில்லை. சிரித்துக்கொண்டே, இதை இனிக் கொழும்புக்குள் கொண்டுவரக் கூடாது என்று சொல்லி உன்னை விட்டார். உன் கன்னம் வீங்கியிருந்தது. "வழுக்கி விழுந்திட்டன்" என்றாய். வெளியே வந்ததும் நீ என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "நேத்து சாப்பிட்டியா?" என்பது.

இரண்டு மாதம் கழித்து அந்தக் கிடுகுக் கொட்டிலுக்குள் மூன்று காலைகள் உன்னோடு இருந்தேன். தோளோடு தோள் முட்டத்தான் இடமிருந்தது. விடியும் வெளிச்சத்தில் பயற்றங்கொடிகளின் பனி மினுங்கும். எங்களிடம் யாரும் பெயரும் ஊரும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் ஒரு கலைமான் வந்தது. பதினைந்து அடிதான் இருக்கும். நீ இழுத்தாய். அம்பு அதன் முதுகுக்கு மேலால் போனது. மான் போன திசையைப் பார்த்தபடி, "கிழவன் சொன்னது சரி மச்சான், குட்டை பொறுக்காது" என்று விரலைச் சூப்பிக்கொண்டு சிரித்தாய்.

பிறகு நீ வேலையை விட்டு அங்கேயே குடியேறினாய். ஒருநாள் பஸ் கொண்டக்டர் ஒருவர் கடைக்கு ஒரு பிஸ்கட் ரின்னைக் கொண்டு வந்து தந்தார். உள்ளே மான் இறைச்சி வத்தல், மேலே ஒரு துண்டு: "ஒரே அம்பு. பத்து அடி. தங்கச்சிக்குச் சொல்லு." சட்டம் அதற்கு என்ன சொல்லும் என்று நாங்கள் விசாரிக்கவில்லை. அவள் அந்தத் துண்டை அலுமாரிக்குள் வைத்தாள்.

பிறகு வருகிறேன் வருகிறேன் என்று நான் வரவில்லை. முதலில் பாதை அடைத்திருந்தது, பாஸ் வேண்டும், பயம். பாதை திறந்த பிறகு அது வெறும் சோம்பல். போன ஆனியில் உன் மனைவி ரீற்றா ரெலிபோன் எடுத்தபோது வந்தேன். நீ கண்ணை மூடிப் படுத்திருந்தாய். என் வாழ்க்கையில் முதல்முறையாக நீ என்னிடம் "சாப்பிட்டியா?" என்று கேட்கவில்லை.

அடக்கம் முடிந்து எல்லாரும் போன பிறகு, அவளிடம் அந்தச் சோதனைச் சாவடிக் கதையை எடுத்தேன். இவ்வளவு காலமும் யாருக்கும் சொல்லாததைச் சொன்னேன். நான் திரும்பிப் பார்க்காமல் போனவன் என்றேன்.

அவள் ஆச்சரியமாக என்னைப் பார்த்தாள். "அப்பிடியா? அவர் அந்தக் கதைய எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார் அண்ணை. ஒருநாளும் நீங்க போனீங்கன்னு சொல்லல்ல. 'அடுத்த நாள் காலையில கதவு திறந்தா இவன் நிக்கிறான்'ன்னு, அதிலயிருந்துதான் தொடங்குவார்."

அன்றிலிருந்து அந்தக் கதையை நீ தொடங்கும் இடத்திலிருந்து தொடங்க நானும் பழகிப் பார்க்கிறேன், மச்சான். இன்னும் வரவில்லை.