கை காட்டியும் நிற்கவில்லை

மார்ச் 4

மாமியாருக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுப்பது எப்படி என்று எங்கள் டிரைவிங் ஸ்கூலில் எனக்கு யாரும் பயிற்சி தரவில்லை. இன்றும் கிளட்சோடு மல்லுக்கட்டு. வண்டி அணைந்தால் அத்தை என்னை முறைக்கிறார், ஏதோ நான் அணைத்ததுபோல. ஆனால் இவரிடம், "உன் பொண்டாட்டி நல்லாத்தான் சொல்லித்தர்றா" என்றாராம். என்னிடமே சொன்னால் என்ன குறைந்துவிடும்?

மார்ச் 6

பயம் இன்னும் விடவில்லை. நடுவில் சிரிப்பும் வருகிறது — என்ன ஜென்மம் நான்?

மார்க்கெட் தெரு முனையில் போக்குவரத்துக் காவலர் கை காட்டினார். அத்தை நிறுத்தவில்லை. பழகுநர் உரிமம் வீட்டில் வேறு கைப்பையில் இருக்கிறதாம். "போய் எடுத்துட்டு வந்து காட்டிடலாம்" என்று சொல்லி ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். பின்னால் சைரனோடு மோட்டார் சைக்கிள். அத்தை எல்லாத் திருப்பத்திலும் ஒழுங்காக இண்டிகேட்டர் போட்டார். வீட்டு வாசலில் கோணாமல் நிறுத்தி, உள்ளே போய் உரிமத்தோடு வந்து, "இந்தாங்க தம்பி" என்று நீட்டினார்.

"இதுக்குப் பேரு தப்பிச்சு ஓடுறதும்மா" என்றார் காவலர்.

மார்ச் 7

வண்டியைப் பறிமுதல் செய்துவிட்டார்கள். பயிற்சி வண்டியில் என் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அதை ஏன் மிதிக்கவில்லை என்று இவர் கேட்டார். தூங்கப் போவதாகச் சொல்லிவிட்டேன்.

மார்ச் 12

நிற்காமல் போனதற்கு அபராதம் உண்டு, உரிமமும் பறிபோகும், யாருக்காவது அடிபட்டிருந்தால் ஜெயில்தான் என்றார் வக்கீல். என் பயிற்றுநர் உரிமம் போனால் வேலையும் போச்சு. சைரன் கேட்கவில்லை என்று இருவரும் சொல்ல வேண்டுமாம். அத்தை தலையாட்டினார். அவர் தலையாட்டல் எனக்குத் தெரியாதா? கிளட்சை மெதுவாக விடச் சொன்னாலும் இப்படித்தான் ஆட்டுவார்.

மார்ச் 20

நீதிபதி சைரனைப் பற்றித்தான் முதலில் கேட்டார்.

"நல்லா கேட்டுச்சுங்க. அதனாலதான் ஓரமாவே ஓட்டினேன்" என்றார் அத்தை. வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார்.

அடுத்து நான். பிரேக் இருந்ததா? இருந்தது. பிறகு ஏன் மிதிக்கவில்லை? பொய் நுனிநாக்கில் தயாராகத்தான் இருந்தது. பாழாய்ப்போன வாய் —

"அன்னைக்குத்தான் ஐயா மூணாவது கியர் சத்தமில்லாம விழுந்துச்சு. கெடுக்க மனசு வரல."

நீதிபதி வெகுநேரம் தண்ணீர் குடித்தார். குடித்து முடித்ததும், அந்தத் தெருவில் ஒரு குழந்தை குறுக்கே வந்திருந்தால் என்று கேட்டார். அத்தை தலையைக் குனிந்துகொண்டார். நானும்தான்.

அத்தைக்கு ஓராண்டு உரிமம் கிடையாது. எனக்கு மூன்று மாதம் பயிற்சி தரத் தடை. இருவருக்கும் அபராதம், சாலைப் பாதுகாப்பு வகுப்பு வேறு.

மார்ச் 21

இவர் எங்கள் இருவரோடும் பேசுவதில்லை. வீடு நிம்மதியாக இருக்கிறது.

மார்ச் 29

வகுப்புக்குப் பஸ்ஸில் போனோம். அத்தை முண்டியடித்து முதலில் ஏறி, எனக்கு ஜன்னலோரம் பிடித்து வைத்திருந்தார். முன்சீட்டு அம்மாள் திரும்பி, "மகளா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா" என்றார் அத்தை. "கூட்டாளி."