ஒரே மாவட்டத்துப் பிள்ளைகள்

என் அன்பு நிரோஜா,

நீ போன பிறகு உனக்கு எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். எழுதினால் உன்னோடு சண்டை பிடிப்பேன் என்று எனக்குத் தெரியும். ஆனால் இந்த நாட்களில் நடந்ததை வேறு யாரிடம் சொல்வது? கம்பஸில் யாரிடமாவது எங்கள் ஊர் அனலைதீவு என்றால், கடல் வடிவாக இருக்குமா என்று கேட்கிறார்கள்.

முதலில் நல்ல செய்தி. உன் தங்கை தர்சிக்கு நம்முடைய யாழ்ப்பாணக் கம்பஸிலேயே இடம் கிடைத்திருக்கிறது. அதைக் கேட்டதும் உன் அம்மா மாட்டுக்கு வைக்கோல் போடப் போய்விட்டாராம். பின்னேரம் என்னைத் தேடி வந்தார். உள்ளே வந்து இருக்கவுமில்லை.

“பிள்ளை, நீ சொன்னால் அவள் கேப்பாள். கம்பஸும் வேண்டாம் ஒண்டும் வேண்டாம் எண்டு சொல்லு.”

“ஏன் அன்ரி, கஷ்டப்பட்டுப் படிச்சவளெல்லோ?”

“மூத்தவளும் கஷ்டப்பட்டுத்தான் படிச்சவள். ஒண்டைக் குடுத்தது காணும். இவளையும் நனைஞ்சு நனைஞ்சு போய்வர விட என்னாலை ஏலாது.”

நாங்கள் போய்வந்த விதம் அவருக்குத் தெரியாதா? படகில் ஊர்காவற்றுறை, அங்கிருந்து பஸ்ஸில் யாழ்ப்பாணம், பிறகு இன்னொரு பஸ். வாடைக்காற்று நாட்களில் தெப்பமாக நனைந்துதான் கரை இறங்குவோம். நீ பொலித்தீன் பையில் மாற்றுடுப்புக் கொண்டுவருவாய். படகில் சத்தி எடுத்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, “எடி, இண்டைக்கு என்ரை காலைச் சாப்பாடு மீனுக்கு” என்று பகிடி விடுவாய்.

விரிவுரை முடியுமுன்பே கடைசிப் படகுக்காக எழும்பி ஓடுவோம். எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். குழுவேலையை மற்றவர்கள் ஹொஸ்டலில் கூடியிருந்து செய்து முடிப்பார்கள். கடைசியில் எங்கள் பெயரையும் சேர்ப்பார்கள், ஏதோ தானம் தருவதுபோல.

போன வருசம் அந்தக் கடைசிக் கிழமை, திங்களிலிருந்தே உனக்குக் காய்ச்சல். வீட்டிலை நில்லடி என்று நான் சொன்னேன்தானே?

“ஒரு பாடத்திலை வரவு குறைஞ்சு போச்சுதடி. இனியும் விட்டால் சோதினை எழுத விடமாட்டினம்” என்றாய்.

காற்றுக்குப் படகு ஓடாத நாட்களைக்கூட நாங்கள் வராத நாட்களாகத்தானே எடுத்தார்கள்! பனடோலைப் போட்டுக்கொண்டு கிழமை முழுவதும் வந்தாய். வெள்ளிக்கிழமை பஸ்ஸில் என் தோளில் சாய்ந்தாய். யாழ்ப்பாணம் வந்ததும் எழுப்பினேன், நீ எழும்பவில்லை. டெங்கு முற்றிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை உன்னைப் பெட்டியில் வைத்துப் படகில் ஊருக்குக் கொண்டுவந்தோம்.

ஏன் வந்தாய் நிரோஜா? ஒரு பாடத்துக்காகவா? அந்தப் பாடத்தை இப்போது நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

உன் அம்மா வந்துபோன மறுநாள் தர்சியையும் கூட்டிக்கொண்டு விடுதிக் கந்தோருக்குப் போனேன். ஹொஸ்டல் கிடைத்தால் உன் அம்மாவும் சம்மதிப்பார் என்று நினைத்தேன். அங்கே இருந்த அலுவலர் ஊரைக் கேட்டார். சொன்னோம்.

“அனலைதீவு யாழ்ப்பாண மாவட்டம்தானே? இந்த மாவட்டத்துப் பிள்ளையள் வீட்டிலையிருந்து வரலாம். வெளி மாவட்டப் பிள்ளையளுக்கே இடம் காணாது.”

“சேர், நடுவிலை கடல் கிடக்கு.”

“அதுக்கு நான் என்ன செய்யிறது தங்கச்சி? விதியிலை கடலைப் பற்றி ஒண்டும் இல்லை.”

அவர் கெட்ட மனிதரும் இல்லை. கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னவர்தான். அதனால்தான் எனக்கு இன்னும் எரிச்சல். கோபம் வந்தால் கத்துவதற்காவது ஒருவர் வேண்டாமா?

“போன வருசம் காய்ச்சலோடை வந்து செத்துப்போன பிள்ளையின்ரை தங்கச்சி இவள், சேர்” என்றேன்.

அவர் தர்சியை நிமிர்ந்து பார்த்தார். “மேலை சொல்லிப் பாக்கிறன்” என்றார். இன்றுவரை மேலேயிருந்து ஒரு சொல் கீழே வரவில்லை.

திரும்பி வரும்போது ஊர்காவற்றுறை இறங்குதுறையில் வைத்துத்தான் தர்சி வாய் திறந்தாள்.

“துளசி அக்கா, எங்கடை அக்கா விட்டதை முடிக்கத்தான் நான் போறன் எண்டு ஊரிலை கதைக்கினம். அப்பிடி இல்லை. எனக்குப் படிக்க விருப்பம். எனக்காகத்தான். அம்மாட்டை இதை எப்பிடிச் சொல்லுறது?”

உனக்கு இது நோகுமா? எனக்கு ஏனோ அவளைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது.

அன்று பின்னேரமே உங்கள் வீட்டுக்குப் போனேன். உன் அம்மா குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். ஹொஸ்டல் இல்லை என்பதையும் தர்சியின் விருப்பத்தையும் சொன்னேன்.

“காய்ச்சல் வந்தால் அவளை ஆர் மறிக்கிறது?” என்று கேட்டார்.

“நான் மறிப்பன் அன்ரி.”

“நீ அண்டைக்கும் பக்கத்திலைதானே இருந்தனி?”

நிரோஜா, அந்தக் கேள்விக்குப் பதில் உன்னிடம் இருக்கிறதா? நான் கதவைப் பிடித்தபடி நின்றேன். தர்சிதான் பேசினாள்.

“அம்மா, அக்கா ஆர் சொன்னாலும் கேக்கமாட்டாள். உங்களுக்குத் தெரியுந்தானே? நான் கேப்பன்.”

உன் அம்மா துருவுவதை நிறுத்திவிட்டு அழுதார். உன் செத்தவீட்டில்கூட அழாதவர் அன்றுதான் அழுதார். போ என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

இன்று தர்சிக்கு முதல் நாள். உன் அம்மா அவளைத் தானே இறங்குதுறைக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். படகுக்காரர் கயிற்றை அவிழ்க்கும்போது அம்மா, எல்லோருக்கும் கேட்கும்படி, “உடம்பு ஏலாட்டில் வீட்டை வந்திடு பிள்ளை. சோதினை அடுத்த வருசமும் வரும்” என்றார். இதை உனக்கு ஒருவரும் சொல்லவில்லையே என்று எனக்கு அந்த இடத்திலேயே கோபம் வந்தது. யார்மேல் என்று கேட்காதே.

விடுதிக் கந்தோருக்கு ஒவ்வொரு கிழமையும் போவேன். அவர்களுக்கு என்னைக் கண்டாலே அலுத்துப்போகும்வரை போவேன். தர்சிக்கு உடம்பு சுடுகிற அன்று அவளைப் படகேற விடமாட்டேன், நானும் ஏறமாட்டேன். இரண்டு பேருடைய வரவும் போகட்டும்.

உன் தங்கைக்கு அக்காவாகிவிட்ட,
துளசி