கேசட்டில் கேட்ட அழுகை

துடியலூர்
17.7.96, புதன்கிழமை

அன்பு மகள் பிரவீனாவுக்கு அம்மா எழுதுவது.

இதை உன் தம்பி கிருபாசங்கரிடம் கொடுத்துவிடுகிறேன். தனியாக உட்கார்ந்து படி. போனில் சொல்லியிருக்கலாம், உங்கள் போன் வீட்டு முன்பக்கம் மாப்பிள்ளையின் மெடிக்கல் கடையில் இருக்கிறது, அங்கே எப்போதும் நாலு பேர் நிற்பார்கள். நானே அவிநாசிக்கு வந்தால் சத்தம் போட்டு ஊரைக் கூட்டிவிடுவேன். என் குணம் உனக்குத் தெரியும்.

எங்கள் ஆஸ்பத்திரியில் நர்சுகளுக்கு இரண்டு நாள் பயிற்சி நடந்தது. மெட்ராஸிலிருந்து ஒரு குழந்தை டாக்டரம்மா வந்திருக்கிறார். கர்ப்பத்தில் போதை மருந்து எடுத்த பெண்களுக்குப் பிறக்கும் குழந்தைகளை எப்படிக் கண்டுபிடிப்பது என்று பாடம். நம் பக்கத்துப் பெண்கள் கஞ்சாவா அடிக்கிறார்கள் என்று பின்வரிசையில் உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தேன். கஞ்சாவே வேண்டாம், தினமும் போட்டுக்கொள்ளும் வலி ஊசி போதும் என்றார் அவர்.

பிறகு ஒரு கேசட்டைப் போட்டார். அப்படிப் பிறந்த குழந்தை ஒன்றின் அழுகை. கம்பி மாதிரி மெல்லிசாக, ஓயாமல். ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசும்போது உனக்குப் பின்னால் அதே அழுகைதான் கேட்டது, அம்மணி.

நீ சிரித்துக்கொண்டே சொன்னாய். பையன் தாத்தாவைப் போலவே தும்மிக்கொண்டே இருக்கிறானாம். கையைச் சப்புகிறானாம், பாலை மட்டும் குடிக்கமாட்டேன் என்கிறானாம். தூக்கத்தில்கூடக் கை நடுங்குகிறதாம். கண்ணு பட்டுப்போச்சு என்று உன் மாமியார் மந்திரித்த கயிறு கட்டியிருக்கிறாராம். அவரைக் குறை சொல்லி என்ன செய்ய. அத்தனை அடையாளத்தையும் டாக்டரம்மா போர்டில் எழுதிப்போட்டார். கவனிக்காமல் விட்டால் வலிப்பு வரும் என்றும் சொன்னார்.

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வரமாட்டேன், துடியலூரில் கொசு அதிகம் என்றாய். அந்தக் கோபத்தில் பேரன் பிறந்து ஏழு நாளாகியும் நான் எட்டிப்பார்க்கவில்லை. நான் கண்டுபிடித்துவிடுவேன் என்றுதான் வராமல் இருந்திருக்கிறாய். வளைகாப்பில் உன் கைக்குச் சந்தனம் பூசும்போது தோளுக்குக் கீழே கல் மாதிரி தட்டுப்பட்டது. தடுப்பூசி போட்ட இடம் என்றாய். இருபத்தைந்து வருஷமாக ஊசி போடுகிறவள், ஒரு தடுப்பூசிக்கு அப்படி இறுகாது என்று தெரிந்தும் நம்பிவிட்டேன். நம்பிக்கொண்டால் நிம்மதியாக இருந்தது.

மாப்பிள்ளைக்குத் தெரியுமா, தெரியாதா, அதையும் நான் கேட்கவில்லை.

தம்பி டாக்சியோடு வாசலில் நிற்கிறான். அம்மா பேரனைப் பார்க்க ஆசைப்படுகிறாள் என்று சொல்லிவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உடனே கிளம்பு. டாக்டரம்மா நாளை சாயங்காலம் வரைதான் இங்கே இருப்பார். நீயாக ஊசியைத் திடீரென்று நிறுத்திவிடாதே. கடைசியாக எப்போது, எவ்வளவு என்பதை மட்டும் அவரிடம் மறைக்காமல் சொல். அவனுக்கும் வைத்தியம் இருக்கிறது, உனக்கும் இருக்கிறது.

ஏன் செய்தாய் என்று தாயைக் கேட்கக் கூடாது என்பது பயிற்சியில் எங்களுக்குச் சொன்ன கடைசி விஷயம். நான் கேட்கமாட்டேன். பிளஸ் டூ பரீட்சையன்று வயிற்றுவலியில் நீ துடித்தபோது, எந்த டாக்டரையும் கேட்காமல் அந்த வலி ஊசியை உனக்கு முதல் தடவை போட்டவள் நான்தானே. அடுத்த மாதமும் போட்டேன்.

நீயும் பிள்ளையும் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். வந்துவிடு, கண்ணு. வந்து என்னை நாலு வார்த்தை திட்டு.

அம்மா
தெய்வாத்தாள்