மார்பில் ஒரு தவறுக்குறி

அன்புள்ள ஃபுமியே,

நலம். அங்கே பனி கொட்டத் தொடங்கியிருக்கும். அதை வாரிக் கொட்டக் கூரையில் நீ ஏறாதே.

அகிஹபாரா மின்னணுக் கடையில் நின்று, வெளிநாட்டு நிறுவனத்தின் வீடியோ கேம் பெட்டியை வருகிறவர்களுக்கு விளக்கி விற்கிறேன். அதன் சின்னமான பெருக்கல்குறி என் சட்டை மார்பிலும் பெரிதாக இருக்கிறது. நம் விடைத்தாள்களில் அது தவறுக்குப் போடும் குறி என்று அந்த நிறுவனத்துக்கு எழுதினேன். சரியாகச் சொல்லவில்லையோ என்னவோ, பதில் இல்லை. இன்றும் விற்காவிட்டால் வேலையில்லை என்றார் மேலாளர்.

என்னிடம் கணக்குப் படித்த தகேமுரா வந்தான். விளையாடிப் பார்க்கச் சொன்னேன்.

"எனக்குப் போட்ட தப்பையெல்லாம் உங்க மேலயே போட்டுட்டாங்களா சார்?" என்றான். கூடியவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். யாரும் வாங்கவில்லை.

கவலைப்படாதே, வேலை போகவில்லை. "கூட்டம் சேருது, பெரியவரே! நாளைலேர்ந்து முதுகுலயும் போட்டுடலாம்" என்றார் மேலாளர்.

கழுத்துவரை பொத்தான் வைத்த என் கோட்டை அனுப்பு. ரயிலில் குளிர்கிறது.

அவசரத்தில்,
ஸெய்ஜி