மூக்கைத் தூக்கிய வண்டி

அன்புள்ள அக்காவுக்கு, தங்கை எழுதுவது. அப்பாவின் வலது கட்டைவிரலில் பெரிய கட்டு, அதனால் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். நடந்ததை நடந்தபடியே எழுதுவேன், எதையும் விடமாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். அப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, எழுதித் தொலை" என்றார். இனி 'நான்' என்று வருவதெல்லாம் அப்பா.

அன்பு மகளுக்கு, விரலைத் தவிர இங்கே எல்லாரும் சுகம். நீயும் அந்தக் குளிரில் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். வண்டியின் முன்பக்கத்தை உயர்த்த உன் பணிமனையிலிருந்து நீ அனுப்பிய ஸ்பேசர் வளையங்கள் வந்து சேர்ந்தன, மெல்லியது ஒரு ஜோடி, தடித்தது ஒரு ஜோடி. மலைமேல் ஆஸ்பத்திரியில் தண்ணீர் பம்பு நின்றுபோய் ஒரு வாரம் ஆகிறது, திங்கட்கிழமை வந்து ஓடவைக்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். போன மழையில் பாதை அரித்துக் கல் கல்லாக நிற்கிறது, பழைய டயரில் போனால் வண்டியின் அடிவயிறு இடிக்கும். பெரிய டயர் வாங்கியாயிற்று, ஆனால் ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினால் முன் மட்கார்டில் உரசுகிறது. முன்பக்கத்தைத் தூக்கினால்தான் வழி. ஷாக் அப்சர்பரின் தலைமேல் வளையத்தை வைத்து முடுக்க வேண்டும், அவ்வளவுதானே, நாற்பது வருடமாக நட்டும் போல்ட்டும் பிடித்த கைக்கு இதென்ன பெரிய வேலை என்று சனிக்கிழமை காலையில் இறங்கினேன்.

உனக்குத்தான் என் பழக்கம் தெரியுமே, எந்த வண்டியையும் காலிசெய்து கழுவித் துடைக்காமல் நான் கைவைப்பதில்லை. ஜெனரேட்டர், குழாய்கள், கருவிப்பெட்டி எல்லாவற்றையும் இறக்கி, பளபளவென்று ஆக்கிவிட்டு அளந்தேன். பின்பக்கத்தைவிட முன்பக்கம் இரண்டு அங்குலம் தாழ்வு. தடித்த வளையமும் இரண்டு அங்குலம். அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி என்று மாட்டிவிட்டேன். சக்கரங்களை நேர்செய்யும் அலைன்மென்ட் கடைக்காரரும் பார்த்துவிட்டு ஆஹா என்றார். (அக்கா, இது நான். உன் கடிதத்தில், எப்போதும் ஏற்றும் பாரத்தை ஏற்றிவைத்து அளக்கவும் என்று அடிக்கோடு போட்டிருந்தாய். நான் சத்தமாக வாசித்தேன். அப்பா, "எனக்கே சொல்லித் தர்றாளா, பெரிய மனுஷி" என்றார்.)

சாயங்காலம் ஜெனரேட்டரை ஏற்றியதும் பின்பக்கம் உட்கார்ந்துவிட்டது, மூக்கு வானத்தைப் பார்க்கிறது. விளக்கைப் போட்டேன். வெளிச்சம் தெருவில் விழாமல் எதிர்வீட்டு மாடியில் தையல்காரர் ஜன்னலுக்குள் போய் விழுந்தது. அவர் தலையை நீட்டி, "அண்ணே, ரொம்ப நன்றி, இந்த வெளிச்சத்துல கண்ணாடி போடாமலே ஊசில நூல் கோத்துட்டேன்" என்றார். தெருவே சிரித்தது. அப்படியே ஓட்டிப் பார்த்தேன், ஸ்டியரிங் காற்றில் கிடப்பதுபோல் லேசாக இருந்தது. செங்குத்தான ஏற்றத்தில் முன்சக்கரம் பிடிக்காமல் போனால் என்ன ஆகும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரே ஒரு நாள்தான் பாக்கி. உன் அம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "பெத்த பொண்ணு சொன்னதக் கேட்டா கிரீடம் இறங்கிடுமா? காலையில கழட்டுங்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் கழற்றினேன். இந்த முறை பாரத்தோடு அளந்தேன், வித்தியாசம் ஒரே ஒரு அங்குலம், நீ அனுப்பிய மெல்லிய வளையத்தின் கனம். அதை வைத்துச் சக்கரத்தைத் திரும்ப மாட்டும்போதுதான் அது நழுவிக் கட்டைவிரலை நசுக்கியது. பிறகு நட்டுகளை முடுக்கியது யார் என்று நினைக்கிறாய்? உன் அம்மா! நீளமான ஸ்பானரில் ஏறி நின்றே முடுக்கிவிட்டாள். மட்கார்டின் உட்புற பிளாஸ்டிக்கில் மட்டும் டயர் ஓர் ஓரத்தில் உரசியது, அந்த ஓரத்தைச் சீவி எடுத்தோம். அலைன்மென்ட் கடைக்காரர் விடுமுறை நாளிலும் கதவைத் திறந்து, "நேத்துதானே வந்துட்டுப் போச்சு, அதுக்குள்ள வண்டி குள்ளமாயிடுச்சே, யாரு கண்ணு பட்டுச்சு?" என்று கேட்டார். என் கண்தான் என்றேன்.

இன்று மலை ஏறிவிட்டேன். அந்தக் கல் வளைவில் மூச்சைப் பிடித்துக்கொண்டு திருப்பினேன், உரசலும் இல்லை, இடியும் இல்லை, பூனை மாதிரி ஏறியது. மதியத்துக்குள் பம்பு ஓடியது. தலைமை நர்ஸ் குழாயைத் திறந்துவிட்டு, மூடவே மனமில்லாமல் நின்றார். யார் வண்டியைத் தயார் செய்தது என்று ஆஸ்பத்திரி டிரைவர்கள் கேட்டார்கள். என் மூத்த மகள் என்று சொன்னேன். நீ அங்கிருந்து சொன்னது சரி, நான் இங்கிருந்து செய்தது தப்பு, இதை எழுத்தில் தருகிறேன், பத்திரமாக வைத்துக்கொள்.

நீயும் வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதே, ஸ்டாண்டு வை. ஆயிரம் பேர் அவசரப்படுத்தினாலும் வை. இங்கே நட்டுகளை இன்னொரு முறை முடுக்கிப் பார்க்க வேண்டும், எத்தனை கிலோமீட்டருக்குப் பிறகு என்று எழுது, அதன்படியே செய்கிறேன். பிடித்த வேலையில் பேர் எடுத்து நீடூழி வாழ்வாயாக.

இப்படிக்கு, உன் சொல் கேட்ட அப்பா. (அக்கா, இது நான். கட்டைவிரல் இல்லாமல் மற்ற விரல்களில் பேனாவை இடுக்கிக் கையெழுத்தைக் கிறுக்கியிருக்கிறார்.)

பின்குறிப்பு, தங்கை எழுதுவது: கையெழுத்துப் போட்டதும் அப்பா கடைசியாக ஒருமுறை பார்க்கிறேன் என்று வாசலுக்குப் போய் ஹெட்லைட்டைப் போட்டார். வெளிச்சம் எதிர்ச்சுவரில் ஜன்னலுக்கு நன்றாகக் கீழே ஒரே மட்டமாக விழுந்தது. மேலேயிருந்து தையல்காரர், "என்னண்ணே, இனி நான் கண்ணாடிதான் போடணுமா?" என்றார். அப்பா சிரித்தார். இரவு ஏழு இருபதுக்கு ஹெட்லைட்டை அணைத்துவிட்டு உள்ளே வந்தார்.