அட்டைச் சங்கிலி மேயர்

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அம்மாவுக்கு இருமல் விட்டதா? எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை.

அருங்காட்சியகத்தில் பெரியவர்களுக்கு நான் நடத்தும் ஊர் வரலாறு, குடிமக்கள் உரிமை வகுப்பில் போன வாரம் ஒரு கூத்து. மாநகராட்சிக் கூட்டம் எப்படி நடக்கும் என்று காட்ட, மேயர் கழுத்தில் போடும் சங்கிலியை அட்டையில் செய்து மாட்டிக்கொண்டு நானே மேயரானேன். "உங்க குறையைச் சொல்லுங்க" என்றேன். வகுப்புக்கு வரும் சலவைக்கார அம்மா எழுந்து, தெருக்குழாயில் தண்ணீர் வராததை அழுதுகொண்டே சொன்னார். "கவனிக்கிறேன்" என்று மிடுக்காகச் சொல்லிவைத்தேன்.

நேற்று குடத்தோடு வந்து நிற்கிறார். "மேயரம்மா, தண்ணி எப்போ வரும்?"

"அது சும்மா நடிப்பும்மா."

"நடிப்பா? சரி, போகட்டும். ஆனா என்ன குறைன்னு இதுவரைக்கும் கேட்டது நீ ஒருத்திதான் கண்ணு."

மாநகராட்சிக்கு நானே போனேன். வெளியூர்க்காரி என்று மனுவையே வாங்கவில்லை. இந்த மாதத்தோடு வகுப்பையும் மூடுகிறார்கள். வேறு வேலை கிடைத்துவிடும், கவலைப்படாதீர்கள்.

பரணில் கிடக்கும் என் பழைய ஸ்வெட்டரை அனுப்புங்கள். அடுத்த முறை போனில், "உனக்கு ஏதாவது குறை இருக்காம்மா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். இல்லை என்றுதான் சொல்வேன். இருந்தாலும் கேளுங்கள்.

வகுப்புக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள்.

உங்கள் மகள்