சனிக்கிழமை புரோகிராம் இல்லை

காமயகவுண்டன்பட்டி
8.9.2024

அன்பு மகள் பெனிட்டாவுக்கு,

அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் அம்மாவும் சுகம். கையெழுத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே, யாருக்கும் ஒன்றும் ஆகிவிடவில்லை. உன் விலாசம் அம்மாவின் ஜெபப் புத்தகத்துக்குள் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தோறும் அவள் மிக்சியை ஓடவிட்டு உன்னோடு போனில் பேசுவது எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். ஒரு சட்னிக்கு எந்த வீட்டு மிக்சி முக்கால் மணி நேரம் ஓடுகிறது?

விஷயத்துக்கு வருகிறேன். பூச்சிமருந்துக் கம்பெனிக்காரர்கள் இந்த வருடம் டார்கெட் முடித்த டீலர்களை பாங்காக்குக்குச் சுற்றுலா கூட்டிப் போகிறார்கள். தேனி மாவட்டத்தில் பதினோரு பேர். கம்பத்தில் நம் கடை மட்டும்தான். நவம்பர் 14 கொச்சியில் விமானம் ஏறி, 18 திங்கட்கிழமை திரும்புகிறோம். அரண்மனை, மிருகக்காட்சி சாலை, கடைத்தெரு என்று தாளில் அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள். சனிக்கிழமைக்கு மட்டும் எதுவும் போடவில்லை, அவரவர் விருப்பமாம். அதைச் சொல்லும்போது சில பேர் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். சின்னமனூர் பெனடிக்ட் அண்ணனும் வருகிறார். நான் அவரோடுதான் அறையில் தங்குகிறேன்.

அந்த ஒரு நாளில் என்ன பார்க்கலாம் என்று நீ எழுதினால் உதவியாக இருக்கும்.

போனிலும் கேட்டிருக்கலாம். மூன்று வருடம் பேசாமல் இருந்துவிட்டு எடுத்த எடுப்பில் என்ன குரல் வரும் என்று தெரியவில்லை. எழுதினால் அடித்துவிட்டுத் திரும்ப எழுதிக்கொள்ளலாம்.

உன் அப்பா
பிலவேந்திரன்


பாங்காக்
22.9.2024

அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. கீழே காவலாளி கொடுத்தபோது நான்கு மாடி படியேறி வந்துதான் பிரித்தேன். லிஃப்ட்டில் எல்லோர் முன்னாலும் பிரிக்கப் பயமாக இருந்தது.

நவம்பரில் மழை விட்டிருக்கும், ஆனாலும் வெயில் கம்பத்து வெயில் இல்லை. புழுங்கும். பருத்திச் சட்டையாகக் கொண்டு வாருங்கள். அரண்மனைக்குள் வேட்டியில் விடுவார்களா என்று தெரியாது, பேண்ட் போட்டுக்கொள்ளுங்கள். கோவில்களில் செருப்பைக் கழற்ற வேண்டும், அதனால் ஷூ வேண்டாம். சர்க்கரை மாத்திரையைக் கைப்பையில் வையுங்கள்.

சனிக்கிழமைக்கு ஆறுதான் நல்லது. ஊருக்கு நடுவே பெரிய ஆறு. நம் ஊர் டவுன் பஸ் மாதிரி படகு ஓடுகிறது, துறைக்குத் துறை நிற்கும், ஆட்கள் குதித்து ஏறுவார்கள். கரையில் வெள்ளைக்காரர் கட்டிய பழைய மாதா கோவில் ஒன்று இருக்கிறது. எதிர்க்கரையில் பீங்கான் ஓடு பதித்த புத்தர் கோவில். மதியத்துக்கு நம் சாப்பாடு கிடைக்கிற கடை ஒன்று தெரியும்.

நான் வர வேண்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை. அதனால் நானே சொல்லிவிடுகிறேன். நான் வேலை பார்க்கிற பள்ளிக்குச் சனிக்கிழமை விடுமுறை.

பெனிட்டா


காமயகவுண்டன்பட்டி
6.10.2024

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன். திராட்சைக்கு மருந்து கேட்டு வந்த ஆள், ‘என்ன முதலாளி, ஏதும் கெட்ட சேதியா’ என்று கேட்டுவிட்டார். என் முகம் அப்படி இருந்திருக்கிறது. கெட்ட சேதி இல்லை.

பேண்ட் இரண்டு தைக்கக் கொடுத்திருக்கிறேன். உன் கல்யாணத்துக்குத் தைத்தது இடுப்பில் ஏறவில்லை. அம்மா முறுக்கும் எள்ளுருண்டையும் செய்யப் போகிறாள். இப்போது மிக்சி போடாமலே பேசுகிறாள், நானும் வாசலுக்குப் போய்விடுகிறேன்.

ஒரு சங்கடம் இருக்கிறது ஆத்தா. எழுதக் கை வரவில்லை, இருந்தாலும் எழுதித்தான் ஆக வேண்டும்.

நீ போன பிறகு கேட்டவர்களிடமெல்லாம், மாப்பிள்ளைக்கு பாங்காக்கில் வேலை கிடைத்து இரண்டு பேரும் அங்கே இருக்கிறீர்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். டீலர் சங்கத்துக் கூட்டத்தில், கோவில் திருவிழாவில், எல்லா இடத்திலும் அதே பேச்சுத்தான். பெனடிக்ட் அண்ணனும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார். சனிக்கிழமை அவரும் கூட வருவேன் என்கிறார், வேண்டாம் என்று சொல்ல எனக்குக் காரணம் இல்லை.

அதனால் மாப்பிள்ளை வேலையாக வெளியூர் போயிருக்கிறார் என்று நீ சொல்லிவிட்டால் போதும். கழுத்திலும் ஏதாவது போட்டுக்கொண்டு வா. அரை நாள் பாடுதான். உனக்குச் சிரமமாக இருந்தால் வர வேண்டாம், நான் தப்பாக நினைக்க மாட்டேன்.

உன் அப்பா
பிலவேந்திரன்


பாங்காக்
19.10.2024

அப்பாவுக்கு,

தாலி ஆண்டிபட்டியில் அந்த வீட்டில் இருக்கிறது. கேட்டால் அருண் ஜோசப் கொடுக்க மாட்டார், நானும் கேட்கப் போவதில்லை. இங்கே கவரிங் சங்கிலி கிடைக்கிறது, நேற்று ஒன்று வாங்கிவிட்டேன்.

உங்கள் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, பிறகு குப்பைக் கூடையிலிருந்து எடுத்து ஒட்டினேன். எனக்கு உங்களைப் பார்க்க வேண்டும். அதற்கு இதுதான் விலை என்றால் சரி.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு உங்கள் ஓட்டலுக்கு வரும் வண்டிக்காரரிடம் கொடுக்க, படகுத்துறையின் பெயரை அவர்கள் எழுத்தில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். துறையில் நிற்பேன். காலையில் சாப்பிட்டு வாருங்கள்.

பெனிட்டா


காமயகவுண்டன்பட்டி
24.11.2024

அன்பு மகள் பெனிட்டாவுக்கு,

ஊர் வந்து ஆறு நாள் ஆகிறது. சேர்ந்தோம், சுகம் என்று எழுத வந்த அன்றே உட்கார்ந்தேன். அதற்கு மேல் ஓடவில்லை.

துறையில் உன்னைப் பார்த்ததும் என்னென்னவோ சொல்ல நினைத்திருந்தேன். ‘சாப்பிட்டியாத்தா’ என்றுதான் வந்தது. நீயும் ‘ம்’ என்றாய். மூன்று வருடத்துக்கு அவ்வளவுதான்.

படகில் ஏறியதும் பெனடிக்ட் அண்ணன் கேட்டார், “மாப்பிள்ளை வரலையாத்தா?”

நான் உன் முகத்தைப் பார்க்கவில்லை. நீ சொன்னாய், “கம்பெனி வேலையா வடக்க போயிருக்காக பெரியப்பா. நேத்துத்தான் கெளம்புனாக. உங்களையெல்லாம் பாக்கணும்னு ரொம்ப ஆசைப்பட்டாக.” அதோடு நிறுத்தவில்லை. அவருக்கு இந்த ஊர்ச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றாய். ஞாயிற்றுக்கிழமையானால் அவரே மீன் குழம்பு வைப்பார் என்றாய். ஒரு இடத்தில்கூட நீ தடுமாறவில்லை. நான் ஆற்றைப் பார்ப்பதுபோல் உட்கார்ந்திருந்தேன்.

இந்தப் பிள்ளை இவ்வளவு சுத்தமாகப் பொய் சொல்ல எங்கே படித்தது என்று எனக்குள் கேட்டுக்கொண்டே வந்தேன். அந்தப் பீங்கான் கோவிலின் படியில் ஏறும்போது விடை கிடைத்தது. 2019இல் ஈஸ்டர் முடிந்த வாரம் நீ உதடு கிழிந்து வீட்டுக்கு வந்தாய். கம்பத்தில் டாக்டர் அறைக்கு வெளியே உட்கார்ந்து, “மாடிப்படியில வழுக்கிட்டேன்னு சொல்லுத்தா” என்று சொல்லிக் கொடுத்தது நான். நீ உள்ளே போய் அப்படியே சொன்னாய். மறுநாள் வாழைத்தாரும் திராட்சைக் கூடையுமாக உன்னை ஆண்டிபட்டிக்குக் கூட்டிப் போய், “சின்னப் புள்ள, கோவிச்சுக்கிட்டு வந்துருச்சு” என்று அவர்களிடம் மன்னிப்புக் கேட்டேன். அடித்தவன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். நான் நின்றுகொண்டு கேட்டேன்.

2021இல் இரண்டாவது தடவை நீ கையில் கட்டோடு வந்தாய். “என்னால முடியலப்பா” என்றாய். அம்மா உன்னைப் பிடித்து வைத்துக்கொண்டு விடவே இல்லை. நான்தான் கம்பம் பஸ் ஸ்டாண்டில் உன்னை ஆண்டிபட்டி பஸ்ஸில் தனியாக ஏற்றிவிட்டேன். “நடுவுல எங்கனயும் எறங்காம நேரா போ” என்றேன். நீ தேனியில் இறங்கி வேறு ஊர் பஸ் ஏறிவிட்டாய் என்று தெரிந்ததும் உன்னை என்ன வார்த்தையெல்லாம் சொல்லித் திட்டினேன் என்று அம்மாவுக்குத்தான் தெரியும். நீ இறங்கியதற்காக இன்று மாதாவுக்கு நன்றி சொல்கிறேன்.

படகிலிருந்து இறங்கும்போது இடது கையால் கம்பியைப் பிடித்தாய். வலது மணிக்கட்டு மடங்கவில்லை. நான் பார்த்ததை நீ பார்த்துவிட்டு, கையைத் துப்பட்டாவுக்குள் வைத்துக்கொண்டாய். எனக்குக் கஷ்டமாக இருக்கக் கூடாது என்றுதானே?

திங்கட்கிழமை விமான நிலையத்தில் பெனடிக்ட் அண்ணனிடம் சொல்லிவிட்டேன். என் மகள் இங்கே தனியாக இருக்கிறாள், அவன் அடித்தான், நான்தான் இரண்டு தடவை திருப்பி அனுப்பினேன் என்று சொன்னேன். அவர் காபி குடித்துக்கொண்டிருந்தார்.

“தெரியும்யா” என்றார். “அருண் ஜோசப்பு ஆண்டிபட்டியில என் மச்சினன் வீட்டுக்கு மூணு வீடு தள்ளித்தான இருக்கான். சங்கத்துல எல்லாருக்குமே தெரியும். நீ சொல்லிக்கிட்டுத் திரியிற, பாவம்னு நாங்களும் கேட்டுக்கிட்டுத் திரியிறோம்.”

“பெறகு ஏண்ணே படகுல அப்படிக் கேட்டீக?”

“புள்ள மொகத்தப் பாத்தாவது நீ வாயத் தொறப்பேன்னு நெனச்சேன். அவளச் சொல்ல விட்டுட்டு நீ ஆத்தப் பாத்துக்கிட்டு இருந்த.”

கொச்சியில் இறங்கி வண்டி ஏறினோம். குமுளி மலை இறங்கும்போது அவரே ஒரு ஆரஞ்சை உரித்துக் கையில் கொடுத்தார்.

யாரும் நம்பாத ஒரு பொய்க்காக உன்னைக் கவரிங் சங்கிலி போட வைத்தேன். மன்னித்துவிடு என்று எழுதினால் அதற்கும் நீதான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அதனால் எழுதவில்லை. அம்மாவிடம் நடந்ததையெல்லாம் சொன்னேன். “நீங்க சொல்லிட்டீக. அவ இன்னும் சொல்லலையே” என்றாள். அது என்னவென்று எனக்குப் புரியவில்லை.

அப்பா


பாங்காக்
9.12.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

பெரியப்பாவுக்குத் தெரியும் என்பது படகிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. மீன் குழம்பு என்று சொன்னபோது அவர் கண் கலங்கிவிட்டது. நிறுத்தினால் மூன்று பேரும் அழ வேண்டிவரும் என்றுதான் பேசிக்கொண்டே போனேன். நீங்கள் வண்டி ஏறியதும் சங்கிலியைக் கழற்றிவிட்டேன்.

அம்மா சொன்னது உங்களுக்குப் புரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நான் சொல்கிறேன். உங்கள் கடிதத்தை ஐந்தாறு தடவை படித்தேன். நீங்கள் என்ன செய்தீர்கள், எப்படி வெட்கப்படுகிறீர்கள் என்று எல்லாம் இருக்கிறது. பொய் இல்லை, படித்து அழுதேன். ஆனால் அந்த வீட்டில் எனக்கு என்ன நடந்தது என்று நீங்கள் கேட்கவில்லை. உதடு கிழிந்து வந்த அன்றும் கேட்கவில்லை, கட்டோடு வந்த அன்றும் கேட்கவில்லை. இந்தக் கடிதத்திலும் அந்தக் கேள்வி இல்லை.

அதனால் ஒன்று சொல்கிறேன். பொங்கல் முடிந்ததும் இன்னொரு முறை வாருங்கள். கம்பெனியோடு இல்லாமல் தனியாக வாருங்கள். அம்மாவை இந்தத் தடவை கூட்டி வர வேண்டாம், அம்மாவுக்குப் பாதி தெரியும். அரண்மனை, கோவில், படகு எதுவும் கிடையாது. என் வீடு ஒரே அறை. ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டிடத்தின் தண்ணீர்த் தொட்டிதான் தெரியும். நாற்காலி இரண்டு இருக்கிறது. காலையில் சமைத்து வைத்துவிட்டு, கல்யாணமான நாளிலிருந்து வரிசையாகச் சொல்வேன். நீங்கள் கேட்க வேண்டும். ‘விடுத்தா, முடிஞ்சது முடிஞ்சு போச்சு’ என்று நடுவில் சொல்லக் கூடாது. எழுந்து வெளியே போகக் கூடாது. நீங்கள் அழுதால் நான் தேற்ற மாட்டேன். அதற்கு எனக்குத் தெம்பு இல்லை.

முடியும் என்றால் டிக்கெட் எடுங்கள். முடியாது என்றால் அதை எழுதிவிடுங்கள். கோபப்பட மாட்டேன். ஆனால் அதன் பிறகு சுகமா, சாப்பிட்டாயா என்று நாம் எழுதிக்கொள்ள வேண்டாம்.

உங்கள் மகள்
பெனிட்டா


காமயகவுண்டன்பட்டி
27.12.2024

அன்பு மகள் பெனிட்டாவுக்கு,

உன் கடிதம் கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் வந்தது. அன்று பூசைக்குப் போனேன், சாமியார் தரும் நன்மை அப்பத்தை வாங்கவில்லை. அம்மா ஏன் என்று கேட்கவில்லை.

முடியுமா என்று நேர்மையாகச் சொன்னால் எனக்குத் தெரியவில்லை. பயமாக இருக்கிறது. அந்த வீட்டுக்கு உன்னைக் கொண்டுபோய் விட்ட கால்கள் இவை. எதை நீ சொல்லப் போகிறாய் என்று நினைத்தாலே உட்கார்ந்திருக்க முடியவில்லை. இருந்தாலும் உட்காருவேன்.

கடைக்கு வந்தவர்களிடம் மகளைப் பார்க்கப் போகிறேன், மகள் அங்கே தனியாகத்தான் இருக்கிறாள் என்று சொல்லிவிட்டேன். சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். குனிய வேண்டியவன் நான்தான். சங்கத்திலும் எழுந்து சொன்னேன். பெனடிக்ட் அண்ணன் மட்டும், “போயிட்டு வாய்யா” என்றார்.

ஜனவரி 23 வியாழக்கிழமை கொச்சியிலிருந்து ஏறுகிறேன். திரும்பி வருகிற டிக்கெட்டும் கையில் இருந்தால்தான் விடுவார்கள் என்று கம்பத்து ட்ராவல்ஸில் சொன்னார்கள். 27ஆம் தேதி என்று போட்டிருக்கிறது. தேதியை மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேட்டுவிட்டுத்தான் எடுத்தேன். முடியுமாம்.

நீ சொல்லி முடிக்கும்வரை இருக்கிறேன். உனக்கு என்ன நடந்தது ஆத்தா?

அப்பா